ஒரே இறைவனும் அயலவன் கோவிலும்

இறைவன் எத்தனை பேர் என்று ஞானோபதேச வகுப்பிலே கேட்டால், முதலாம் வகுப்புப் பிள்ளையும் ‘ஒருவரே’ என்று தயங்காமல் பதில் சொல்லும். ஞாயிறுதோறும் திருப்பலியில் விசுவாசப் பிரமாணத்தைத் தொடங்கும்போது, பெரியவர்களாகிய நாமும் அதையே அறிக்கையிடுகிறோம். இந்த விடையை நமக்குக் கையளித்தவர்கள் கிரேக்க ஞானிகள் அல்லர். றோமப் பேரரசரும் அல்லர். பெரிய அரசுகளுக்கு இடையில் நசுங்கிக் கிடந்த யூத இனம் என்னும் ஒரு சிறு இனமே அதைத் தன் உயிரினும் மேலாகக் காத்து உலகுக்குத் தந்தது. நம் ஆண்டவர் யேசுவும், அவருடைய திருத்தாயும், பன்னிரு அப்போஸ்தலரும் அந்த இனத்தின் பிள்ளைகளே.

விடை இலகுவானது. அந்த விடையோடு வாழ்வது இலகுவா என்பதே கேள்வி. திருகோணமலையில் வாழும் நமக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. விடியற்காலையில் இந்தத் துறைமுக நகரில் எழும் ஒலிகளை எண்ணிப் பாருங்கள். பள்ளிவாசலின் பாங்கு, பத்திரகாளி அம்மன் கோவில் மணி, விகாரையின் பிரித் ஓதல், நமது ஆலயத்தின் திரிகால மணி: எல்லாம் ஒரே கடற்காற்றில் கலந்து வருகின்றன. இறைவன் ஒருவரே என்று உறுதியாக நம்புகிற ஒருவன் இந்த ஒலிகளின் நடுவே எப்படி வாழ வேண்டும்? மற்றவை பொய் என்று சொல்லி, வலிமை கிடைத்த அன்று அவற்றை அடக்க வேண்டுமா? அல்லது ‘எல்லாம் ஒன்றுதானே’ என்று சொல்லித் தன் விசுவாசத்தைத் தண்ணீர் கலந்த பாலாக்கிக்கொள்ள வேண்டுமா? இவ்விரண்டும் அல்லாத வழி ஒன்று உண்டா?

அந்த நம்பிக்கையை முதலில் பெற்றவர்களிடமே சென்று கேட்போம்.

கேட்கும்படி சொல்லும் செபம்

யூதர்களுக்குத் தலையாய செபம் ஒன்று உண்டு. உபாகமத்தின் ஆறாம் அதிகாரத்தில் அது இருக்கிறது. எபிரேய மொழியில் அதன் முதற் சொல் ‘ஷெமா’. ‘கேள்’ என்பது அதன் பொருள். இறைவன் ஒருவரே என்று அது இஸ்ராயேலுக்கு அறிவிக்கிறது. அறிவித்த உடனே, அவரை முழு இதயத்தோடும், முழு ஆன்மாவோடும், முழு வலிமையோடும் அன்பு செய்யும்படி கட்டளையிடுகிறது. இந்த வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். வீட்டில் இருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்போதும் இவற்றைப் பற்றிப் பேச வேண்டும். வீட்டு வாசல் நிலையிலே எழுதி வைக்க வேண்டும். இன்றும் பக்தியுள்ள யூதர் வீட்டு வாசல் நிலையில், இவ்வார்த்தைகள் எழுதிய தோற்சுருள் ஒரு சிறு கூட்டினுள் பதிக்கப்பட்டிருக்கும். காலையிலும் மாலையிலும் அவர்கள் இதைச் செபிக்கிறார்கள். றோமர் ஆட்சியில் வதைக்கப்பட்டு மாண்ட றபி அக்கீபா, உயிர் பிரியும் வேளையிலும் இந்தச் செபத்தையே சொல்லிக்கொண்டிருந்தார் என்பது யூத மரபு.

இந்தக் கட்டளைகள் யாரை நோக்கிச் சொல்லப்பட்டன என்பதைக் கவனியுங்கள். என் இதயம், என் பிள்ளை, என் வீட்டு வாசல்: இவற்றையே அவை தொடுகின்றன. அயலவனுடைய வாசலை இந்தச் செபம் தொடவே இல்லை. ‘ஒருவர்’ என்பது இங்கே எண்ணிக்கைக் கணக்கு மட்டுமன்று. அவர் ஒருவராய் இருப்பதால் என் இதயமும் ஒன்றாய் இருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. இரண்டு தோணியில் கால் வைத்தவன் கதி என்னவென்று கடலோரத்து மக்களாகிய நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஒரு காலை ஆலயத்திலும், மறு காலைப் பணத்திலோ பதவியிலோ வைத்து நிற்பவனிடமே இந்தச் செபம் முதலில் பேசுகிறது.

ஆகவேதான் இறைவாக்கினர் தங்கள் கடுமையான சொற்களை அந்நிய தெய்வங்களை வணங்கியவர்களுக்காக மட்டும் வைத்திருக்கவில்லை. ஆமோசும் இசையாசும் சொந்த மக்களையே சாடினார்கள். ஏழையை நசுக்கிவிட்டு, கள்ளத் தராசில் நிறுத்துவிட்டு, உண்மை இறைவனுக்கே பலி கொண்டு வருகிறவனின் பலி இறைவனுக்கு அருவருப்பானது என்றார்கள். உண்மை இறைவனின் ஆலயத்தில் நின்றுகொண்டே சிலை வணக்கம் செய்ய முடியும் என்பது அவர்கள் கண்ட உண்மை.

அகதி முகாமில் விளைந்த நம்பிக்கை

இந்த விசுவாசம் எப்போது முழுத் தெளிவு பெற்றது? தாவீதின் வெற்றிக் காலத்திலா? சலமோனின் செல்வக் காலத்திலா? இல்லை. கி.மு. 586ஆம் ஆண்டளவில் பாபிலோனிய மன்னன் நெபுகத்நேசரின் படை யெருசலேமைப் பிடித்து, தேவாலயத்தைத் தீக்கிரையாக்கி, மக்களில் பலரைச் சிறைபிடித்துச் சென்றது. அக்காலத்து எண்ணப்படி, ஒரு நாடு தோற்றால் அந்த நாட்டுத் தெய்வமும் தோற்றுவிட்டது. யெருசலேம் வீழ்ந்தது, ஆகவே பாபிலோனின் தெய்வமாகிய மார்தூக்கே பெரியது என்று எல்லாரும் சொன்னார்கள்.

அந்த அவமானத்தின் நடுவிலேதான், இசையாஸ் நூலின் பிற்பகுதியில் நாம் கேட்கும் குரல் எழுந்தது. ஆலயம் இடிந்தது, ஆனால் இறைவன் இடியவில்லை. அவர் ஒரு மலைக்கோ ஒரு நாட்டுக்கோ உரியவர் அல்லர். வானத்தையும் பூமியையும் படைத்தவர். எல்லா இனங்களும் அவருடையவை. தம்மை அறியாத பாரசீக மன்னன் சைரசைக்கூட அவர் தமது கருவியாய்க் கொள்கிறார். அந்தச் சைரசே கி.மு. 538இல் யூதர்களை ஊர் திரும்ப அனுமதித்தான்.

இதை நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஒரே இறைவன் மேலான நம்பிக்கை, வென்றவனின் கொடியாக அல்ல, இடம்பெயர்ந்தவனின் ஆறுதலாகவே முதிர்ந்தது. 1990இலும், 2006இல் மூதூர் கிழக்கிலும் சம்பூரிலும், வீடு வாசல் விட்டு நடந்த மக்களுக்கு இதன் பொருள் புரியும். கோவிலை, ஆலயத்தை, பெட்டி படுக்கையை விட்டு ஓடியவனோடு இறைவன் கூட நடந்தார் என்றால், அவர் ஒரு நிலத்துக்குள் அடைபட்டவர் அல்லர் என்பதே காரணம்.

வலிமை வந்த நாளிலே

ஆனால் வேதாகமத்தை நேர்மையாக வாசிக்கிறவனுக்கு ஒரு தடை உண்டு. கானான் நாட்டாரின் பலிபீடங்களை இடிக்கவும், அவர்களுடைய சிலைகளை உடைக்கவும் சொல்லும் பகுதிகள் அதே உபாகமத்திலேயே இருக்கின்றன. அவற்றை மறைத்துப் பேசுவது முறையன்று. சுற்றியிருந்த வலிய இனங்களில் கரைந்து போய்விடாமல் தன்னைக் காத்துக்கொள்ளப் போராடிய ஒரு சிறு கூட்டத்தின் குரல் அவற்றில் ஒலிக்கிறது. வெளிப்பாடு படிப்படியாக வளர்ந்தது என்று திருச்சபை நமக்குக் கற்பிக்கிறது. ஆயினும், வளர்ச்சியின் முதற்படியை முடிவாகக் கொண்டவர்கள் எக்காலத்திலும் இருந்தார்கள். யூதரிலேயே இருந்தார்கள்.

கி.மு. 134 முதல் 104 வரை ஆண்ட யூதத் தலைவன் யோவான் ஹிர்க்கானுஸ், நாடு வலிமை பெற்ற நாளிலே, கெரிசிம் மலைமேல் இருந்த சமாரியர் கோவிலை இடித்தான். தெற்கே இதுமேயரை வென்று, விருத்தசேதனம் பெறு, அல்லது நாட்டை விட்டுப் போ என்றான். வாளுக்கு அஞ்சி அவர்கள் யூதரானார்கள். பலன் என்ன? அந்த இதுமேயர் குலத்திலே தோன்றியவனே பெரிய ஏரோது. வாள் ஒரு மனிதனுடைய பெயரை மாற்றலாம்; அவன் இதயத்தை மாற்றாது.

இந்தப் பின்னணியிலே அருளப்பர் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தை மீண்டும் வாசியுங்கள். இடிந்த கோவில் இருந்த அதே மலையின் அடிவாரத்தில், கிணற்றங்கரையில், களைத்துப்போன ஒரு யூதர் அமர்ந்திருக்கிறார். சமாரியப் பெண் ஒருத்தி வருகிறாள். அவளுடைய மூதாதையரின் கோவிலை இவருடைய இனத்தார் இடித்து நூறு ஆண்டுக்கு மேலாகிவிட்டது. ஆனால் காயம் ஆறவில்லை. யூதரும் சமாரியரும் ஒருவரோடொருவர் பழகுவதில்லை. யேசு முதலில் உபதேசம் செய்யவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுக்கும் நிலையில் அவளையும், பெறும் நிலையில் தம்மையும் வைத்தார். அவள் அந்தப் பழைய புண்ணைத் தொட்டு, வணங்க வேண்டிய இடம் இந்த மலையா, யெருசலேமா என்று கேட்டபோது, அவர் உண்மையை மழுப்பவும் இல்லை. மீட்பு யூதரிடமிருந்து வருகிறது என்று தெளிவாகவே சொன்னார். ஆனால் அதே மூச்சில், இந்த மலையும் அல்ல, யெருசலேமும் அல்ல, ஆவியிலும் உண்மையிலும் தந்தையை வணங்கும் காலம் வருகிறது என்றார்.

தன் விசுவாசத்தில் ஓர் அணுவும் விட்டுக்கொடுக்காமல், அயலாளின் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம். நாம் தேடிய மூன்றாவது வழி அந்தக் கிணற்றங்கரையிலே இருக்கிறது. மாற்கு நற்செய்தியில் மறைநூல் அறிஞர் ஒருவர் முதன்மையான கட்டளை எது என்று கேட்டபோதும், யேசு அதே ‘ஷெமா’ செபத்தையே விடையாகச் சொன்னார். உடனே அதன் அருகில் அயலானை நேசிக்கும் கட்டளையை வைத்தார். தந்தை, மகன், தூய ஆவி என்று நாம் அறிக்கையிடுவதும் இந்த ஒருமையைப் பிளப்பதற்கு அன்று. அந்த ஒரே இறைவன் தம்முள்ளே அன்பாகவே இருக்கிறார் என்பதற்கே. அன்பாய் இருப்பவரின் பேரால் அயலானை வெறுப்பது எப்படி?

நமக்கு அருகில் வாழ்ந்த யூதர்

இது பழங்கதை மட்டுமா? நம் கடற்கரைகளிலேயே இதற்குச் சாட்சி உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிசிலித் தீவிலிருந்து எழுதிய அரபுப் புவியியலாளர் அல் இத்ரீசி, நமது இலங்கை அரசனுக்குப் பதினாறு ஆலோசகர் இருந்ததாகக் குறிப்பிடுகிறார். நால்வர் நாட்டின் சமயத்தவர், நால்வர் கிறிஸ்தவர், நால்வர் முஸ்லிம்கள், நால்வர் யூதர்.

பாக்கு நீரிணைக்கு அப்பால் சேர நாட்டிலே சான்றுகள் இன்னும் உறுதியானவை. கி.பி. 849இல் வேணாட்டுத் தலைவன் அய்யனடிகள் திருவடிகள், கொல்லத்துக் கிறிஸ்தவ ஆலயமாகிய தரிசாப் பள்ளிக்கு நிலமும் உரிமைகளும் வழங்கிச் செப்பேடு எழுதினான். அதில் சாட்சிகளாகக் கையொப்பமிட்டவர்களில் முஸ்லிம்கள் உண்டு, பாரசீகர் உண்டு, எபிரேய எழுத்திலே ஒப்பமிட்ட யூதரும் உண்டு. ஒரு கிறிஸ்தவ ஆலயத்தின் உரிமைக்கு இந்து அரசு காவல். யூதனும் முஸ்லிமும் சாட்சி!

ஏறக்குறைய கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யூதர் தலைவன் ஈசுப்பு இரப்பானுக்கு, அதாவது யோசேப்பு ரப்பானுக்கு, மற்றொரு செப்பேடு வழங்கினான். அது வட்டெழுத்திலே, பழந்தமிழோடு மிக நெருங்கிய மொழியிலே எழுதப்பட்டது. பகல்விளக்கு, பல்லக்கு, குடை, பறை, தோரணம் முதலாக எழுபத்திரண்டு உரிமைகள் அதில் அடங்கின. கொடுங்கல்லூரில், பழந்தமிழர் முசிறி என்று அழைத்த அத்துறைமுகப் பகுதியில், யூதர்கள் மதிப்போடு வாழ்ந்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் அவ்விடம் அவர்களுக்குப் பாதுகாப்பற்றுப் போனபோது, கொச்சி மன்னன் மட்டாஞ்சேரியில் தன் அரண்மனைக்கு அருகிலேயே இடம் கொடுத்தான். அங்கே 1568இல் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக்கூடமும் அரண்மனைக் கோவிலும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒருபுறம் பகவதிக்குத் தீபாராதனை. மறுபுறம் உருவமே இல்லாத மண்டபத்தில் ‘ஷெமா’.

இந்த யூதர்கள் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று சொன்னவர்கள் அல்லர். ஓய்வுநாளை அணுவளவும் மீறாதவர்கள். உணவு விதிகளைக் கட்டிக் காத்தவர்கள். எந்தச் சிலைக்கும் அவர்கள் தலை வணங்கவில்லை. ஆயினும் நாட்டு வழக்கப்படி செருப்பைக் கழற்றிவிட்டே தொழுகைக்கூடத்துள் சென்றார்கள். எத்தனையோ தலைமுறை அயலவரின் மணியோசையைக் கேட்டும் அவர்கள் கோவிலின் ஒரு கல்லையும் அசைக்கவில்லை. 1968 டிசம்பரில் அந்தத் தொழுகைக்கூடத்தின் நானூறாம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி நேரில் சென்றார். 1948க்குப் பின் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டதால், இன்று கொச்சியில் எஞ்சியிருப்போர் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே.

அவர்களிடமும் ஒரு கறை இருந்தது. அது நமக்கும் பாடம். ‘வெள்ளை’ யூதர் எனப்பட்டோர், அடிமை நிலையிலிருந்து விடுபட்டோரின் வழிவந்த சக யூதருக்குத் தொழுகைக்கூடத்தில் சம இடம் கொடுக்கவில்லை. அந்த ஒதுக்கப்பட்ட பிரிவிலே பிறந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம், இருபதாம் நூற்றாண்டில் காந்தியடிகளின் வழியிலே அதை எதிர்த்துப் போராடினார். ஒரே இறைவன், ஒரே செபம், ஆனால் வேறு வேறு இருக்கை! தமிழ்க் கத்தோலிக்கர் இதைக் கேட்டு வியக்கத் தேவையில்லை. ஆலயத்திலே சாதிக்கு ஓர் இடம் ஒதுக்கிய ஊர்கள் நம்மிடையே இருந்ததை நாம் அறிவோம்.

சம்மட்டி ஏந்திய கை

அதே காலத்தில் அதே ஒரே இறைவனின் பேரால் வேறொன்றும் நடந்தது. 1497இல் யூதரை வலிந்து ஞானஸ்நானம் பெறச் செய்த போர்த்துக்கல் அரசு, 1560இல் கோவாவில் மதவிசாரணை மன்றத்தை நிறுவியது. இந்திய மூலிகைகளைப் பற்றி 1563இல் அரிய நூல் வெளியிட்ட வைத்தியர் கார்சியா த ஓர்ட்டா, யூத வழிவந்த ஒரு கிறிஸ்தவர். அவர் இறந்த பின், இரகசியமாக யூத மதத்தைக் கைக்கொண்டார் என்று தீர்ப்பிட்டு, 1580இல் அவருடைய எலும்புகளைத் தோண்டி எடுத்து எரித்தார்கள். அதற்கு முன்பே, 1569இல், அவருடைய சகோதரி உயிரோடு எரிக்கப்பட்டார். 1662இல் கொச்சித் தொழுகைக்கூடமும் போர்த்துக்கேயர் கையால் சூறையாடப்பட்டது.

அந்தக் கோவா அரசின் கீழ் இலங்கையில் தளபதியாய் இருந்தவரே கொன்ஸ்தந்தீனு த சா. 1620களில் சுவாமிமலையில் இருந்த கோணேசர் கோவிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பியவர் அவரே. கோட்டை வாசலில் இரட்டைக் கயலும் தமிழ் எழுத்தும் பொறித்த கல்லை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். மான்கள் மேயும் அந்த வழியாகத்தான் இன்றும் அடியார்கள் கோணேசரிடம் போகிறார்கள். 1950இல் மண்ணுக்கடியிலிருந்து பழைய திருவுருவங்கள் கிடைத்தன. 1963இல் கோவிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. கற்கள் கோட்டையாயின, பக்தி அழியவில்லை.

‘அந்நியர் செய்ததற்கு நாம் என்ன செய்வோம்?’ என்று கேட்கலாம். நாம் இடிக்கவில்லை என்பது உண்மையே. ஆனால் இடித்தவர்கள் நம் விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னவர்கள். சமாரியப் பெண்ணின் முன் யேசு எங்கே அமர்ந்திருந்தாரோ, சுவாமிமலையின் அடிவாரத்தில் நாமும் அங்கேதான் அமர்ந்திருக்கிறோம்.

மறுபுறத்திலிருந்தும் இது நமக்கு நேர்ந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழா அன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும், கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டு வைத்து இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றவர்கள், இறைவன் ஒருவரே என்று சொல்லிக்கொண்டே அதைச் செய்தார்கள். அந்தச் சிலரின் பாவத்தை அயல் முஸ்லிம் வீடுகளின் மேல் சுமத்தி, அடுத்த மாதத்திலே சில ஊர்களில் கல்லெறிந்தவர்களும் தங்கள் சமயத்தைக் காப்பதாகவே எண்ணினார்கள். ஹிர்க்கானுஸ், கொன்ஸ்தந்தீனு த சா, 2019இன் கொலையாளிகள்: காலம் வேறு, மதம் வேறு, தவறு ஒன்றே. இறைவன் ஒருவர் என்ற உண்மையை, இறைவன் எனக்கு மட்டும் சொந்தம் என்று அவர்கள் வாசித்தார்கள். தனக்கு மட்டும் சொந்தமான இறைவன், ஒரே இறைவன் அல்லர். அவர் ஒரு குலதெய்வம். பாபிலோனில் யூதர்கள் கைவிட்டது அந்த எண்ணத்தையே அன்றோ!

அப்படியானால் எல்லாம் ஒன்றா?

‘சுவாமி, அப்படியானால் எந்த மதமாய் இருந்தால் என்ன?’ என்று கேட்பவர் உண்டு. இல்லை. மூன்று நாணயம் கையில் இருக்க எல்லாம் ஒரே நாணயம் என்பவன், ஒன்றையும் உற்றுப் பார்க்காதவன். உண்மையைத் தேடுவதும், கண்ட உண்மையைச் சொல்வதும் கடமையே. ஆனால் சொல்வது வேறு, திணிப்பது வேறு. 1965 அக்டோபர் 28இல் இரண்டாவது வத்திக்கான் சங்கம், பிற சமயங்களில் உள்ள உண்மையும் புனிதமுமான எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று அறிவித்தது. யூதருக்கு எதிரான வெறுப்பைக் கண்டித்தது. அதே ஆண்டு டிசம்பர் 7இல், சமய விடயத்தில் எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்று கற்பித்தது. 1986இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் றோமிலுள்ள யூதர் தொழுகைக்கூடத்துக்கே சென்று, அவர்களை மூத்த சகோதரராக ஏற்றார். 2000ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், திருச்சபையின் பிள்ளைகள் உண்மையின் பேரால் செய்த வன்முறைகளுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார்.

நம் விசுவாசம் இந்தத் தீவில் எப்படி நிலைத்தது என்பதையும் மறவாதிருப்போம். போர்த்துக்கேயரின் பீரங்கி அதைக் காக்கவில்லை. பீரங்கி போனபோது ஒல்லாந்தர் வந்து நம் ஆலயங்களைப் பூட்டினார்கள். அவர்களும் ஒரே இறைவனை வணங்கியவர்களே. 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கிய கோவாக் குரு புனித யோசேப்பு வாஸ், கண்டியின் பௌத்த மன்னனுடைய நிழலிலே தங்கி, பெரியம்மை கண்டவர்களை மதம் பாராமல் பராமரித்து, 1711இல் மரிக்கும்வரை அதைக் காத்தார். இந்து அரசன் யூதருக்குச் செய்ததைப் பௌத்த அரசன் நமக்குச் செய்தான். அயலவனின் தயவால் உயிர் பிழைத்த விசுவாசம் நம்முடையது.

ஆகவே, கத்தோலிக்கக் குடும்பங்களே, நம் வீட்டு வாசல் நிலையிலிருந்தே தொடங்குவோம். அயல் வீட்டுச் சாமியைப் ‘பேய்’ என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்காதிருப்போம். கோணேசர் தேர் வீதிக்கு வரும் நாளில், கும்பிடாவிட்டாலும், ஒதுங்கி மரியாதையோடு வழிவிடுவோம். ‘கோவிலும் வேண்டாம், பள்ளியும் வேண்டாம், ஆனால் பிள்ளையின் கலியாணத்துக்குச் சாத்திரம் பார்க்கலாம், தொழில் சரியில்லை என்றால் செய்வினை எடுக்கலாம், சீதனத்துக்காகச் சொன்ன சொல்லை மாற்றலாம்’ என்று இருப்போமானால், இறைவன் ஒருவரே என்று சொல்ல நமக்கு வாய் உண்டா? சிலைகளை உடைக்க ஆசையுள்ளவனுக்கு வேலை நிறைய உண்டு. அந்த வேலை அவன் வீட்டுக்குள்ளே இருக்கிறது.

மாலைச் செபத்தில் செபமாலை சொல்லி முடிந்ததும், உபாகமத்தின் ஆறாம் அதிகாரத்தில் அந்த ஒரு பகுதியைப் பிள்ளை ஒன்று வாசிக்கட்டும். யேசுவுக்கும் சிறு வயதில் அவருடைய தாய் கற்றுக்கொடுத்த செபம் அதுவாகவே இருந்திருக்கும். முழு இதயத்தோடும் அந்த ஒருவரை நேசிக்கிறவன், அவர் படைத்த அயலவனின் கோவில் மணியைக் கேட்டுக் கோபப்பட நேரமில்லாதவனாய் இருப்பான்.